தூக்கம் கெடக்கூடாதென்று

லிஃப்டுக்குள் எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். குடிவந்து சுவரில் இன்னும் ஆணிகூட அடித்து முடிக்காத குடும்பம். பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரித்து வைப்பேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. அன்று சாயங்காலம் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அக்கா, உங்க பக்கத்து வீட்டு ஐயா ஊருக்குப் போயிருக்காரா?"

"இல்லையே. ஏன்?"

"அவர் செருப்பு நேத்துக் காலையிலிருந்து எங்க வீட்லதான் இருக்கு. கேட்டு வருவாருன்னு பார்த்தேன். வரவே இல்ல. அதான் கேட்டேன்."

லிஃப்ட் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு மட்டும் அது கயிறு அறுந்து கீழே போவதுபோல் இருந்தது.

"எந்தச் செருப்பு?"

"வாசல்ல கிடந்துச்சே, பழுப்பு கலர்ல. நேத்து வராந்தா கழுவினாங்க இல்ல? அழுக்குத் தண்ணியெல்லாம் அது பக்கமா வந்துச்சு. தோல் செருப்பு ஊறிப் போயிடுமேன்னு எடுத்து உள்ள வச்சேன்."

"பெல் அடிச்சு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"வயசானவர் தூங்கிட்டு இருப்பாரு, பாவம். தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் அடிக்கல."

அவள் மேலும் ஏதோ சொன்னாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தச் செருப்பு என்ன சொல்லும் என்பது இந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று நான்.

அவர் பூட்டுக்காரர். தெருவில் கடை வைத்துப் பூட்டு ரிப்பேரும் சாவி போடுவதுமாகக் காலம் தள்ளியவர். கடையை மூடிய பிறகும் கை சும்மா இருக்காது. வீட்டிலேயே ஒரு மேஜையைப் போட்டு, அரமும் சுத்தியலுமாக உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டிருப்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். மற்றபடி ஆள் தனிக்கட்டை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுக்கிறவள். ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரத்தைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. அதனால் அவர் வாயில் நான் 'கண்ணாடியம்மா'. என் வீட்டுக்காரர் இறந்த கொஞ்ச நாளில் ஒருமுறை அவர் என் வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே ஓர் உதவி கேட்டார்.

"கண்ணாடியம்மா, நான் ஒண்டி ஆள். உள்ள எங்கயாவது விழுந்து கிடந்தா நாறினாத்தான் வெளிய தெரியும். அதனால ராத்திரி படுக்கறப்ப செருப்பை வாசல்ல விடறேன். காலையில எழுந்ததும் உள்ள எடுத்துக்கறேன். நீங்க வேலைக்குக் கிளம்பறப்ப ஒரு பார்வை பாருங்க. செருப்பு கிடந்தா கதவைத் தட்டுங்க. இல்லேன்னா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னு அர்த்தம். இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. இவன் தனியா இருக்கான்னு உங்களுக்குச் சொல்ற செருப்பு, திருடனுக்கும் சொல்லிடும்."

பூட்டுக்காரர் புத்தி எங்கே போகும். சரி என்றேன். அன்றிலிருந்து இந்த மூன்று வருஷமாக ஒருநாள்கூட நான் அந்த வாசலைப் பார்க்காமல் படி இறங்கியதில்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். விடுமுறை நாளிலும் பார்ப்பேன். ஓர் உயிர் என் கண்ணை நம்பி இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம், "பக்கத்து வீட்டுப் பெரியவரை நான்தான் பார்த்துக்கறேன்" என்று பல தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் மட்டும் வழக்கம் மாறிப்போயிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் கண்ணாடி செய்துகொடுக்கும் அவசர வேலை. விடிவதற்கு முன்பே கடைக்குப் போகவேண்டியிருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. அந்த நேரத்துக்கு அது அங்கேதான் கிடக்கும். சாயங்காலம் திரும்பி வந்தபோது இல்லை. இன்று காலையிலும் இல்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தேன்.

செருப்பு எதிர்வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

லிஃப்ட் கதவு முழுதாகத் திறப்பதற்குள் இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பெல்லை அழுத்தினேன். கதவைக் கையால் அடித்தேன். "ஐயா" என்று கத்தினேன். உள்ளே அசைவே இல்லை. போன் போட்டுப் பார்த்தேன். உள்ளே எங்கோ மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எதிர்வீட்டுப் பெண் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி அவளையே நாலு சாத்து சாத்தலாம்போல் இருந்தது. குழந்தை அவள் தோளில் இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு லாரி டிரைவர் படியேறி வந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"நேத்துக் காலையிலிருந்து இவரை யாரும் பார்க்கல. எனக்கு பயமா இருக்கு."

"பார்க்கலையா?" டிரைவர் சிரிக்கப் பார்த்தார். "நேத்துப் பூரா தட்டிக்கிட்டு இருந்தாரேம்மா. டக்கு டக்குன்னு. ராத்திரியும் கேட்டுச்சு. இந்த வயசுலயும் மனுஷன் உழைக்கிறாரேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நானும் கேட்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் டக்கு டக்கென்று கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டது. யாருக்கோ சாவி போடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினேன். மனுஷன் உதவிக்குத் தட்டியிருக்கிறார். வேறு யார் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்திருந்தாலும் கட்டடமே கூடியிருக்கும். பூட்டுக்காரர் வீடு என்பதால் எல்லோரும் மெச்சிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம்.

"எனக்கும் கேட்டுச்சு அக்கா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "குழந்தைகூட அந்தச் சத்தத்துல தூங்கிடுச்சு."

டிரைவர் தோளைக் கொடுத்துக் கதவை இடித்தார். அது அசைந்தால்தானே. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர் தன் வீட்டுக்கு என்ன போட்டிருப்பார்? கதவு முழுக்க இரும்புத் தகடு. அதில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று பூட்டு. "என் வீட்டுக்கு வர்ற திருடன் என்கிட்டயே வந்து சாவி போட்டாத்தான் உண்டு" என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். எதிர்வீட்டுப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். யார் வந்தாலும் இந்தக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பால்கனி" என்றேன்.

எங்கள் இரண்டு வீட்டுப் பால்கனிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். டிரைவர் என் வீட்டு வழியாக வந்து அதை உதைத்துப் பெயர்த்தார். விழுந்த இடைவெளியில் அவர் உடம்பு நுழையவில்லை. நான் நுழைந்தேன். புடவை எங்கோ மாட்டிக் கிழிந்தது. பால்கனிக் கதவில் பூட்டு இல்லை, ஒரு கொண்டி மட்டும்தான். அதுவும் ஆட்டினால் கழன்றது. வாசலில் மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துபோட்டவரை நினைத்து, அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே மூத்திர வாடை அடித்தது. படுக்கையில் ஆள் இல்லை. குளியலறையில் இல்லை. மேஜையில் சுத்தியலும் அரமும் துடைத்து வரிசையாக வைத்தபடி இருந்தன. முன்னறைக்கு வந்தேன்.

வாசல் கதவை ஒட்டித் தரையில் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாசல் கால்மிதி சுருண்டு அவர் முழங்காலுக்கு அடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்போது அந்தக் கண் அசைந்து என்னைப் பார்த்தது. உதடு பிரிந்தது. குரல் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை, காற்றுதான் வந்தது.

"நேத்துக் காலையில... எங்க போனீங்க?"

ஓர் உயிர் ஒன்றரை நாள் தரையில் கிடந்துவிட்டு முதல் வார்த்தையாகக் கேட்கிற கேள்வியா அது? ஜன்னி கண்டுவிட்டது, பிதற்றுகிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"கடைக்குப் போனேன் ஐயா. சீக்கிரமே போயிட்டேன்."

"ஓகோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மேல் பூட்டையும் நடுப் பூட்டையும் உள்ளிருந்து திறந்தேன். தரையில் கிடந்த ஆளுக்குக் கீழ்ப் பூட்டுதான் எட்டியிருக்கும். அதைத் திறந்தும் இருந்தார். மற்ற இரண்டும் எட்டவில்லை. கதவின் இரும்புத் தகட்டில், அவர் கைக்கு எட்டிய உயரத்தில் பெயின்ட் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தது. டிரைவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியில் எத்தனையோ விபத்தைப் பார்த்த மனுஷன், படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஈரத்துணியால் உதட்டை நனைத்து, பலகையில் கட்டித் தூக்கினார்கள். அவர் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அதன் தலைப்பக்கம் மழுங்கிப் போயிருந்தது. இதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார்.

"நீங்க மகளா?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடா இருந்துமா இவ்வளவு நேரம் கண்டுபிடிக்கல?"

அவள் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, உடம்பில் நீர் வற்றிவிட்டது, இந்த வயதில் ஆபரேஷனைத் தாங்குவாரா என்று பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அழுதுகொண்டே டிக்கெட் பார்க்கிறேன் என்றாள். ராத்திரியே அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள், அந்த அறை வாசலில் போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷன் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, அவன் மனைவி அழுதபடியே இருக்கிறாள் என்றான். இருக்கட்டும் என்று சொன்னேன். என் மனது அப்போது அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

காலையில் டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டார், நடப்பாரா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். அதுவே போதும் என்று இருந்தது. மாற்றுத்துணி எடுத்து வருவதற்காக வீட்டுக்கு வந்தேன். பூட்டுக்காரரின் சாவிக்கொத்து அவர் வீட்டு வாசல் கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணியில் தொங்கும். முந்தின நாள் டிரைவர்தான் வீட்டைப் பூட்டி அந்தக் கொத்தைத் தன் வீட்டில் வைத்திருந்தார். டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். சரி, கையில் ஒரு சாவி இருக்கிறதே என்று நர்ஸ் கொடுத்ததை எடுத்து அவர் கதவில் போட்டேன். மேல் பூட்டில் நுழையவில்லை. நடுவில் நுழையவில்லை. கீழேயும் நுழையவில்லை.

பூட்டுக்காரர் வீட்டில் சாவிக்கா பஞ்சம், யாரோ வாடிக்கைக்காரருடையது போலிருக்கிறது என்று நினைத்தேன். டிரைவர் மனைவியிடம் கொத்தை வாங்கும் முன் முகத்தைக் கழுவிக்கொள்ளலாமென்று என் வீட்டுப் பக்கம் திரும்பினேன். கண் எரிந்தது. கையிலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினேன். கதவு திறந்தது. உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிப் பையைக் கீழே வைத்தபோது, பையின் ஓரத்தில் என் சாவிக்கொத்து சிணுங்கியது.

கொத்து பையில் இருந்தது. அப்படியானால் கதவில் தொங்குவது எது?

திரும்பிப் போய்ப் பார்த்தேன். தலை மழுங்கிய சாவி. அதை உருவி, கதவை மூடி, மறுபடி போட்டுத் திருப்பினேன். வழவழவென்று திரும்பியது. என் சொந்தச் சாவிகூட அவ்வளவு இழைவாகத் திரும்பியதில்லை. என் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். என் கதவின் சாவி பக்கத்து வீட்டு ஆணின் கையில் இருந்திருக்கிறது. எத்தனை நாளாக? எதற்காக? முகம் கழுவவில்லை. துணியும் எடுக்கவில்லை. அந்தச் சாவியோடு நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அவர் விழித்திருந்தார். குரல் கொஞ்சம் வந்திருந்தது. சாவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என் வீட்டுச் சாவி."

"ஆமா."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"திருட்டுச் சாவி" என்றார். "என் தொழில்ல ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கேன். தெரிஞ்சேதான் போட்டேன். போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லுங்க, இப்ப ஓடவும் முடியாது என்னால."

சிரிப்பு வரவில்லை எனக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் போனப்புறம் கொஞ்ச நாள் நீங்க கதவையே திறக்கல. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. காரியமெல்லாம் முடிந்து மகன் அவன் ஊருக்குப் போனதும் படுத்தவள்தான் நான். எழவேண்டும் என்றே தோன்றவில்லை. பெல் வயரைப் பிடுங்கிவிட்டேன். போனை அணைத்துவிட்டேன். ஒருநாள் கண்ணைத் திறந்தபோது அறை வாசலில் இவர் கருவிப் பையோடு நின்றிருந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்க வைத்தார். ரொட்டியைத் தலைமாட்டில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை.

"அன்னைக்கு உங்க பூட்டு சாதாரணப் பூட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கலாம். ஆனா முடியல. கை அப்படி நடுங்கிச்சு. உள்ள உங்களை எந்தக் கோலத்துல பார்க்கப் போறேனோன்னு. என் பொண்டாட்டி போனப்பகூட என் கை நடுங்கல. இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு வெளிய அப்படி நிக்க என்னால ஆகாது. அதான் போட்டு வச்சேன்."

"அப்போ செருப்பு?"

அவர் போர்வையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஐயா, அந்தச் செருப்பு விஷயம் என்ன? அதைச் சொல்லுங்க."

"தினமும் எழுந்து வாசலுக்கு வர்றதுக்கு உங்களுக்கு ஒரு சாக்கு வேணும்ல" என்றார். "உங்களுக்காக எழுந்திரிங்கன்னா நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. அடுத்த வீட்டுக் கிழவன் செத்துக் கிடப்பான், பார்க்கணும்னா எழுந்திருப்பீங்க. எனக்குத் தெரியும் உங்களை."

கடையில் நான் பீற்றிக்கொண்டது ஒவ்வொன்றும் காதுக்குள் வந்து விழுந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனது, விடுமுறை நாளிலும் பாவம் பார்த்துக் கதவைத் திறந்தது, எல்லாம். யாரை யார் பார்த்துக்கொண்டது? மூன்று வருஷமாக ஒரு மனுஷன் எனக்குத் தெரியாமல் என்னைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அவரை நாலு வார்த்தை திட்டவும் வேண்டும்போல் இருந்தது.

"நேத்து... இல்ல, முந்தாநாள் என்ன நடந்துச்சு?"

"நீங்க எழுந்ததும் சமையலறைக் குழாயைத் திறப்பீங்க. என் பக்கச் சுவர்ல குழாய் கடகடங்கும். அதைக் கேட்டப்புறம்தான் நான் செருப்பை உள்ள எடுப்பேன். முந்தாநாள் கேக்கல. பொறுத்துப் பார்த்தேன். நல்லா விடிஞ்சிருச்சு, அப்பவும் கேக்கல. சரி, பழையபடி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். சாவியை எடுத்துக்கிட்டு ஓடினேன். கால்மிதி வாரி விட்டுடுச்சு."

அன்று விடியும் முன்பு எழுந்தபோது நான் குழாயைத் திறக்கவில்லை. வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் முகம் கழுவினேன். பாத்திரத்தைத் தொடவில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்தி, என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் பூனைபோல் நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தூங்குகிறார், பாவம், தூக்கம் கெடக்கூடாதென்று.

எதிர்வீட்டுப் பெண் சொன்ன அதே வார்த்தை. அவளைச் செருப்பால் அடிக்க நினைத்தவள் நான்.

"அதைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்லியிருந்தால், யார் யாரிடம் சொல்லியிருந்தால் என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அடுத்த கட்டில்காரரின் உறவினர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"அட, அழாதீங்க கண்ணாடியம்மா" என்றார் அவர். "அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக் குழாய் சத்தம் கேட்டுச்சு. கடகடன்னு. ஆள் இருக்கு, ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் எனக்கு இடுப்பு வலிக்குதுன்னே தெரிஞ்சுது. அதுவரைக்கும் வலியே தெரியல, சத்தியமா."

அப்போதுதான் தட்ட ஆரம்பித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, காலையிலேயே தட்டினேன் என்றார். காலையில் தட்டியது எனக்காக, யாராவது சத்தம் கேட்டு வந்து என் வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கட்டும் என்று. தனக்காகத் தட்டியது ராத்திரிதான்.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். நான் எழுந்தேன். சாவியை என்ன செய்வதென்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

"இன்னொண்ணு" என்றார். "இனிமே சீக்கிரம் கிளம்பினா சத்தம் போட்டுட்டுப் போங்க. பாத்திரத்தை உருட்டுங்க. கதவைப் படார்னு சாத்துங்க. எவன் தூக்கம் கெட்டா என்ன? கெட்டுப் போகட்டும்."

மறுநாளும் கடையில் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்ணாடி வேலை பாக்கி இருந்தது. இருட்டு பிரியாத நேரத்தில் கிளம்பினேன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதற்குக் காது இல்லை என்று தெரியும். என்றாலும் வெளியே வந்து, கதவைப் பிடித்து, என் பலம் முழுவதையும் கூட்டிப் படாரென்று சாத்தினேன். வராந்தா அதிர்ந்தது.

எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது. விளக்கு எரிந்தது. அந்தப் பெண் தலைவிரி கோலமாக, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்து ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் வேலைக்குப் போறேன்."

அவள் என்னையே பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஏன் என்று கேட்கவில்லை. அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, "நாளைக்கும் இந்த நேரமா அக்கா?" என்றாள்.

"ஆமா. நாளைக்கும்."

"சரி. கேக்கலைன்னா வந்து தட்டறேன்."

அதற்குள் கீழே ஒரு கதவு திறந்தது. படிக்கட்டு வழியாக டிரைவரின் தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

"மேல என்ன சத்தம்? யாரது?"

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.

"நான்தான்" என்று குரல் கொடுத்தேன். "நான்தான் அண்ணே."